செத்தவர்கள் எழுந்து ஓடும் காட்சி

ஹோபி டெனைக்கின் புகைப்படம் எதை எடுத்தாலும் கண் மூடியிருக்கும். கல்யாணப் படத்தில் மூடியிருக்கும். தீயணைப்பு வண்டியின் மேல் ஒரு கையை ஊன்றி ராஜா மாதிரி நிற்கும் படத்திலும் மூடியிருக்கும். அவனுடைய ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்தால், தூங்கிக்கொண்டே வண்டி ஓட்ட அரசாங்கமே அனுமதி கொடுத்தது போல இருக்கும். கேமரா பல்பு மின்னப்போவது அவன் இமைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்று பெர்ச் க்ரீக் ஊரில் பேசிக்கொள்வார்கள். இதற்காக அவன் மனைவி வில்லா எப்போது திட்டினாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"நான் கண்ணைத் திறந்து வச்சிருக்கிற படம் ஒண்ணு இருக்குடி. அதுல ஆறு தடவை செத்திருக்கேன். கடைசித் தடவை எழுந்து ஓடும்போது கேமராவைப் பார்த்துச் சிரிச்சேன். அதை மட்டும் நீ பார்த்தேன்னு வை, என்னை இன்னொரு தடவை கட்டிக்குவ."

அந்தப் படத்தை வில்லா பார்த்ததில்லை. வில்லா என்ன, ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அவள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே எடுத்த படம் அது. இப்போது ஹோபியும் இல்லை. போன குளிர்காலத்தில் வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவன், கையில் பிடித்த மண்வெட்டியோடு அப்படியே சாய்ந்தான். அந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. இறுதிச் சடங்குக்குச் சட்டம் போட்டு வைக்க வில்லா ஒரு பெட்டி நிறையப் புகைப்படங்களைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள். ஒன்றிலாவது அவன் அவளைப் பார்க்க வேண்டுமே. பார்க்கவில்லை.

அதனால்தான் இலையுதிர்காலத்தில் வெர்னா ஓஸ்டராண்டரிடமிருந்து போன் வந்ததும், வில்லா அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினாள். தீயணைப்புப் படையில் இருப்பவள் செய்கிற காரியமா இது. ஆனால் செய்தாள்.

வெர்னா ஊரின் ஒரே சினிமாக் கொட்டகைக்கு முதலாளி. டிக்கெட் கிழிப்பதும் அவள்தான், படம் ஓட்டுவதும் அவள்தான். அவளுடைய பாப்கார்ன் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து ஆடுகிறது என்று அவள் அப்பா காலத்தில் அடியில், திறந்துகூடப் பார்க்காத ஒரு தகரப் பெட்டியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மெஷினை மாற்றலாம் என்று நகர்த்தியபோதுதான் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த காகிதத்தை வெர்னா படித்தாள். ஆர்னால்ட் கெஸ்லரின் முதல் படம். போர்ப் படம். முப்பது வருஷமாக அதன் தலையில் பாப்கார்ன் பொரிந்துகொண்டிருந்திருக்கிறது.

கெஸ்லர் யாரென்று உலகத்துக்கே தெரியும். அவர் படம் வந்தால் நகரத்தில் தெருவைச் சுற்றி வரிசை நிற்கும். புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி வெளியே வருவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் முதல் படத்தின் பேரைச் சொன்னால் ஆகாது. பிரதி எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து வாங்கி எரித்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. சின்னப் பையனின் கிறுக்கல், அதை யாரும் பார்க்க வேண்டாம் என்று அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார்.

பெர்ச் க்ரீக்காரர்களுக்கு அவர் கெஸ்லர் இல்லை, ஆர்னி. ஆப்பிள் பறித்து முடித்த ஒரு பருவத்தில் இரவல் கேமராவோடு நகரத்திலிருந்து வந்து இறங்கிய ஒல்லிப் பையன். நடிகர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாததால், சாப்பாடும் பெருமையும் போதும் என்கிற ஆட்களைத் தேடினான். ஊரின் தொண்டர் தீயணைப்புப் படை மொத்தமும் போய் நின்றது. விவசாயி, நாவிதர், பால்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று எல்லாருமே அதில் உண்டு. தீப்பிடித்தால் சங்கு ஊதும். ஊதினால் எந்த வேலையானாலும் போட்டது போட்டபடி ஓட வேண்டும். பாதிச் சவரத்தில் ஆளை விட்டுவிட்டு நாவிதர் ஓடுவார். அந்த ஆள் பாதித் தாடியோடு பின்னால் ஓடுவான், ஏனென்றால் அவனும் படையில் இருப்பான்.

இருந்த ஆட்களை வைத்து இரண்டு ராணுவம் வேண்டும். காலையில் எல்லாரும் நம் படை. மதியம் சாண்ட்விச் தின்றுவிட்டு எல்லாரும் எதிரிப் படை. எதிரிக்குத் தொப்பி, பால் வாளியைக் கவிழ்த்துக் கறுப்பு அடித்தது. ஆப்பிள் மரத்துக்குப் பனி பிடிக்காமல் இருக்கத் தோட்டத்தில் மூட்டும் புகைச்சட்டிகளை வைத்துப் போர்க்களத்துப் புகை போட்டார்கள். ஹோபிக்கு அழகாக விழத் தெரிந்ததால் அவனையே திரும்பத் திரும்பச் சுட்டார்கள்.

படம் நகரத்தில் சில நாள் ஓடிப் படுத்தது. ஆனால் பார்த்த நாலைந்து விமர்சகர்கள் அதன் கடைசிக் காட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். குண்டடிபட்டுச் செத்துக் கிடக்கிற இரண்டு படை வீரர்களும் திடீரென்று எழுந்து, துப்பாக்கியை வீசிவிட்டு, ஒன்றாக மலைச்சரிவில் இறங்கி ஓடுகிறார்கள். போரை மறுத்து எழும் பிணங்கள், மனித குலத்தின் விடியல், இன்னும் என்னென்னவோ. அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் பெரிய சினிமாக் கம்பெனி கெஸ்லரைக் கூப்பிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் சரித்திரம்.

பெட்டி கிடைத்த செய்தி எப்படியோ நகரத்துப் பத்திரிகைக்குப் போய்விட்டது. கெஸ்லரின் வக்கீல் போன் செய்தார். வெர்னா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்ததும் பெட்டியை அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். என்ன காட்சி என்று வக்கீல் கேட்டார். அந்தப் படம்தான் என்றாள் வெர்னா.

ஆகவே சனிக்கிழமை மதியம் கெஸ்லரே வந்தார். கறுப்புக் கண்ணாடி, நரைத்த தாடி, நீளமான ஒரு கார். அந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார் பாருங்கள், தீயணைப்பு நிலையத்தின் கதவுக்கு நேர் முன்னால். பச்சைக் குழந்தைக்குக்கூட அங்கே சைக்கிள் நிறுத்தத் தோன்றாது. படைத் தலைவர் கிளைட் ஸ்லிங்கர்லாண்ட் காரையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். ரெண்டு நிமிஷம்தான், பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்றார் கெஸ்லர். சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்துக் கொட்டகைக்குள் நுழைந்தார்.

உள்ளே ஊரே உட்கார்ந்திருந்தது. மடியில் குழந்தை, கையில் பாப்கார்ன். மாதா கோயில் சமையலறையில் இருந்து ராத்திரி விருந்துக்கான தட்டுகளில் பாதி முன்கூட்டியே வந்து சேர்ந்திருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின.

வில்லா எழுந்து நடைபாதைக்கு வந்தாள். நேற்றே ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"நான் ஹோபி டெனைக்கோட மனைவி," என்றாள். "உங்க படத்துல ஆறு தடவை செத்தாரே, அவரு."

கெஸ்லர் கண்ணாடியைக் கழற்றினார். "ஹோபியா? எங்கே அவன்?"

"ஏழாவது தடவையும் போயிட்டாரு. வீட்டு வாசல்ல. போட்டோ எல்லாத்துலயும் அவருக்குக் கண்ணு மூடியிருக்கு. உங்க படத்துல மட்டும் திறந்திருக்குன்னு சொன்னாரு. ஒரு தடவை பார்த்துக்கிறேன். அப்புறம் நீங்க எரிக்கிறதா இருந்தா எரிச்சுக்குங்க, தீப்பெட்டி வேணும்னா நானே தர்றேன்."

கொட்டகையே அவர் முகத்தைப் பார்த்தது. யாரோ ஒரு அம்மாள் அவர் கையில் சீஸ் போட்ட மக்ரோனித் தட்டைத் திணித்துவிட்டாள். கையில் மக்ரோனித் தட்டோடு நிற்கிற மனிதன் முடியாது என்று சொல்ல முடியாது. கெஸ்லர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

விளக்கு அணைந்தது.

என்ன சொல்ல. படம் மோசம். மோசம் என்றால் அப்படியொரு மோசம். முதல் காட்சியிலேயே ஒரு போர்வீரன் மரத்தில் சாய்ந்துகொண்டு, நாம் எல்லோரும் காலத்தின் கைதிகள் என்று வசனம் பேசினான். பேசியவர் பால்காரர். இந்த ஊரில் அவர் பேசி யாரும் கேட்ட நீளமான வாக்கியம் அதுதான். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. அடுத்து நாவிதர் தன்னைத்தானே சுட்டார். அதாவது இந்தப் பக்கம் நம் படையாகத் துப்பாக்கியை நீட்டினார், அந்தப் பக்கம் பால் வாளித் தொப்பியோடு மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அவருடைய பேரக் குழந்தைகள் நாற்காலி மேல் ஏறிக் கைதட்டினார்கள். வில்லாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஹோபி வந்தான். இருபத்திரண்டு வயது, காது இரண்டும் கைப்பிடி மாதிரி விரிந்து. வந்த வேகத்தில் செத்தான். ஓடையில் செத்தான், வேலியில் தொங்கிக்கொண்டு செத்தான், ஆப்பிள் மரத்திலிருந்து விழுந்து செத்தான். ஒவ்வொரு தடவை விழுந்ததும் ஊர் முழுக்க ஒரே குரலில் எண்ணியது. வில்லாவும் சேர்ந்து எண்ணினாள். ஆனால் பாவி, முகத்தைக் காட்டவே இல்லை. ஒன்று புகை மறைத்தது, இல்லையென்றால் தொப்பி இறங்கிக் கிடந்தது, முகம் நன்றாகத் தெரிந்த ஒரே இடத்தில் சாகும் நடிப்பில் கண்ணை இறுக மூடியிருந்தான்.

அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் கெஸ்லர் தலை நாற்காலி முதுகுக்குக் கீழே இறங்கியிருந்தது. தாடி மட்டும் தெரிந்தது.

கடைசி ரீல். மலைச்சரிவில் புகை. அங்கங்கே பிணங்கள், இரண்டு படையும் கலந்து. திரையில் எல்லாப் பிணத்துக்கும் முன்னால், கை நீட்டினால் தொடலாம் போலப் பெரிதாக, ஆறாவது தடவை செத்த ஹோபி மல்லாந்து கிடந்தான். முகம் முழுசாகத் தெரிந்தது. இமை மூடியிருந்தது. வில்லா சிரிப்பை நிறுத்திவிட்டு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டாள். இப்போது, இதோ இப்போது.

சங்கு ஊதியது.

படத்தில் வருகிறது என்று குழந்தைகள் நினைத்தார்கள். பெரியவர்களின் கால்களுக்கு வித்தியாசம் தெரியும். கிளைட் எழுந்தார். நாவிதர் எழுந்தார். வரிசை வரிசையாக எழுந்து, பாப்கார்ன் பறக்க, அடுத்தவர் மடியை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். வெர்னா மேலே புரொஜெக்டரை நிறுத்தினாள். வில்லா ஒரு விநாடி நின்றாள். அந்த ஒரு விநாடியில் அவள் ஹோபியைத் திட்டிய திட்டு அச்சில் ஏறாது. ஆனால் ஹோபி போன பிறகு வண்டி ஓட்டுவது அவள்தான். அவள் போகாமல் வண்டி நகராது. ஓடினாள்.

வெளியே வந்தால் கதவை மறித்துக்கொண்டு அந்த நீளக் கார்.

"யாருடா இந்தக் கப்பலை இங்க கட்டி வச்சது," என்று யாரோ கத்த, கெஸ்லர் மக்ரோனித் தட்டோடு ஓடிவந்தார். சாவி ஒரு பையில் இல்லை, இன்னொரு பையில் இல்லை, மூன்றாவதில் இருந்தது. காரை எடுத்து, பின்னால் விடுவதற்குப் பதில் பக்கவாட்டில் ஒடித்து, நாவிதர் கடை வாசலில் கடைக்கு அடையாளமாக நட்டிருந்த கோடு போட்ட கம்பத்தில் கொண்டுபோய்ச் சாத்தினார். கம்பம் சாய்ந்தது. நாவிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தீயணைப்பு வண்டி வெளியே வந்தது. ஏறுபவர்கள் ஏறினார்கள். நடுத்தெருவில் பித்துப் பிடித்தவர் போல நின்றுகொண்டிருந்த உலகப் புகழ் பெற்ற இயக்குநரைக் கிளைட் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, வில்லாவுக்குப் பக்கத்து இருக்கையில் போட்டார்.

"வேடிக்கை பார்க்காதே ஆர்னி. ஆள் கம்மி."

வண்டி பறந்தது. கெஸ்லர் ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அன்னிக்கும் இப்படித்தான்," என்றார். "இதே சங்குதான். நான் எல்லாரும் செத்துக் கிடங்கன்னு சொல்லிட்டுக் கேமராவை ஓட விட்டேன். சங்கு ஊதிச்சு. பிணம் எல்லாம் எழுந்து ஓடிடுச்சு."

"தெரியும்," என்றாள் வில்லா.

"தெரியுமா? உங்களுக்கா?"

"ஊருக்கே தெரியும். ஓடினது இவங்கதானே."

அந்தக் காட்சியில் தன் சொந்த யோசனை ஒரு துளிகூட இல்லை, தன் பேரும் புகழும் ஒரு தீவிபத்துச் சங்கு போட்ட பிச்சை, இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பிரதி பிரதியாகத் தேடி எரித்தவர் கெஸ்லர். பேட்டி கண்டவர்களிடம் எல்லாம் அந்தக் காட்சி எப்படி மனதில் உதித்தது என்று மழுப்பி மழுப்பிச் சொல்லியிருக்கிறார்.

"அந்தப் பேட்டி நாவிதர் கடையில கிடந்துச்சு," என்றாள் வில்லா. "எல்லாரும் படிச்சோம். பாவம், அந்தப் பையனுக்கு ஞாபக மறதின்னு பேசிக்கிட்டோம்."

"அப்புறம் ஏன் யாரும் வெளியே சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? சங்கு ஊதினா ஓடுவாங்க."

கெஸ்லர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் இருமல் போல வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. மக்ரோனி எல்லாம் வண்டிக்குள் சிந்தியது.

தீ பெரிய தீ இல்லை. மாதா கோயில் சமையலறையில், விருந்துக்கான மீதி மக்ரோனியை அடுப்பில் வைத்துவிட்டு, படம் பார்க்கும் ஆசையில் எல்லாரும் கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அது கரியாகித் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தீயை அணைத்ததைவிட, தண்ணீர் அடித்துச் சமையலறையைக் குளமாக்கியதுதான் அதிகம். கெஸ்லரும் வாளி தூக்கினார், பாதியைத் தன் காலிலேயே கொட்டிக்கொண்டார். யார் பூட்டியது என்ற சண்டை திரும்பி வரும் வழியெல்லாம் நடந்தது.

கொட்டகைக்கு வந்தபோது எல்லார் மேலும் ஈரமும் தீய்ந்த சீஸ் நாற்றமும். கெஸ்லரின் கார் கம்பத்தின் மேல் சாய்ந்தபடி தயாராக நின்றது. வெர்னா படிக்கட்டில் இறங்கி வந்து, மீதி ரீலைக் கட்டித் தந்துவிடட்டுமா என்று கேட்டாள். ஒரு தடவைதான் என்று பேச்சு, அந்த ஒரு தடவை முடிந்துவிட்டது. வில்லா கையிலிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே கெஸ்லர் வாயைப் பார்த்தாள்.

"நிறுத்தின இடத்துலேர்ந்து போடுங்க," என்றார் கெஸ்லர். பிறகு கடைசி வரிசைக்குப் போகாமல் வில்லாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

ஹோபி மல்லாந்து கிடந்தான். புகை நகர்ந்தது. காது லேசாக ஆடியது. புருவம் ஏறியது. படத்தில் சங்குச் சத்தம் இல்லை, சோகமான வயலின்தான் வாசித்துக்கொண்டிருந்தது. ஆனால் அவனுக்குக் கேட்டுவிட்டது. செத்துக் கிடந்த ஹோபி எழுந்தான். எல்லாருக்கும் முன்னால் எழுந்தான், வண்டி ஓட்டுபவன் இல்லையா. அவன் பின்னால் நாவிதர் எழுந்தார், பால்காரர் எழுந்தார், கிளைட் எழுந்து வாளித் தொப்பி தடுக்கி விழுந்து மறுபடி எழுந்தார். நம் படையின் வட்டத் தொப்பியும் எதிரியின் வாளித் தொப்பியும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சரிவில் இறங்கின. நாலு எட்டு ஓடிய ஹோபி சட்டென்று நின்றான். திரும்பினான். திரைக்குள்ளிருந்து நேராக வில்லாவைப் பார்த்தான்.

கண் திறந்திருந்தது. இரண்டும் அகலமாக, குறும்பு வழிய. ஏதோ கத்திவிட்டு, கையை வீசி, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

"திறந்திருக்கு," என்றாள் வில்லா. சத்தமாகச் சொல்லிவிட்டாள். அழுதாள், சிரிப்பும் வந்தது, எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பொய்யே பேசாத மனுஷன் என்று அவனைச் சொல்ல முடியாதுதான், ஆனால் இந்த ஒன்றில் அவன் அளக்கவில்லை.

"என்ன கத்தினாரு?" என்று கேட்டாள்.

கெஸ்லர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆர்னி, நீயும் வாடான்னான். நான் போகல. கேமராவை விட்டுட்டு வர மனசு வரல." பிறகு தன் நனைந்த காலணியைப் பார்த்தார். "இன்னிக்குத்தான் வந்தேன்."

விளக்கு எரிந்தது. பெட்டியை என்ன செய்வது என்று வெர்னா மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். பாப்கார்ன் மெஷின் ஆடாமல் இருக்க வேண்டுமே, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள் என்றார் கெஸ்லர். நாவிதர் அந்த இடைவெளியில் தன் கம்பத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்.

வில்லாவுக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை.

"வெர்னா, மறுபடி போடு."

வெர்னா ரீலைச் சுற்றிப் போட்டாள். விளக்கு அணைந்தது. புகைக்கு நடுவே ஹோபி மறுபடியும் செத்துக் கிடந்தான், கண்ணை மூடிக்கொண்டு. வில்லா பாப்கார்னை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்துவிடுவான்.